தலையில் கைவைத்த பெண்கள்

எங்கள் வீட்டில் தலையில் இரண்டு கையையும் வைக்கக் கூடாது. வெயிலுக்குக்கூட வைக்கக் கூடாது. கண்டால் அம்மா, "ஆர் செத்த எண்டு தலையில கை வெக்கிறாய்?" என்று அடுப்படியிலிருந்தே கத்துவா. அதிகம் ஏச்சு வாங்கியவள் என் தங்கைதான். கொஞ்சம் யோசித்தாலே அவளுடைய கைகள் தலைக்குப் போய்விடும்.

போன வருடம் அம்மா செத்தபோது வெளிநாட்டிலிருந்த தங்கையால் வர முடியவில்லை. விசாப் பிரச்சினை. ஊரில், தேற்றாத்தீவு வீட்டு முற்றத்தில் நாங்கள் தலையில் கைவைத்துக் கதறியதைப் போனில் பார்த்தாள். அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. கதைத்தால் மழை, சமையல், என் மூட்டுவலி. அம்மா என்ற சொல்லே வாயில் வராது. இதை உள்ளே வைத்துக்கொண்டு இவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒரு மத்தியானம் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். மழைக்கு ஒதுங்கி ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாளாம். பழைய கிரேக்கத்துப் பானை ஒன்றைக் காட்டினாள். அவளுடைய நெஞ்சுயரம் இருந்தது. புதைகுழிக்கு மேலே அடையாளமாக நிறுத்துவார்களாம். மூவாயிரம் வருடத்துக்குக் கிட்ட இருக்கும் என்றாள். எனக்குப் பானை என்றால் சோறும் தண்ணீரும்தான். இதில் எத்தனை கொத்து அரிசி போடலாம் என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

போனைக் கிட்டக் கொண்டுபோனாள். மண்நிறத்தின் மேல் கறுப்புக் கோலங்கள், ஓரிடம் மிச்சமில்லாமல். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் பிணம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெண்கள். கண் இல்லை, வாய் இல்லை, ஈர்க்கில் போல உடம்பு. ஆனால் எல்லோருடைய இரண்டு கைகளும் தலையில் இருந்தன.

இறால் கையோடு எழும்பி நின்றேன். எங்கள் முற்றமேதான். இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாதவர்கள் எங்கள் கைகளை எங்கே கண்டார்கள்? வாயில்லாத அந்தப் பெண்கள் கதறுவது எனக்குக் கேட்டது.

தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நானும் வெக்கட்டா?"

"வை புள்ள. அம்மா ஏச மாட்டா."

போனை ஏதோ இருக்கையில் வைத்திருப்பாள். இரண்டு கையும் வேண்டுமல்லவா. எனக்கு அந்த மண்டபத்தின் வெள்ளைக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே யாரோ "அம்மா" என்று கூப்பிட்டு அழுதார்கள். என் தங்கைதான்.