செயலாளரின் வாழைக்குலைகள்

அந்த நாட்களில் நான் எங்கள் நகரசபையில் தட்டெழுத்தாளர். போரால் குடாநாட்டுக்குள் எரிபொருள் வராத காலம். மண்ணெண்ணெயில் கார் ஓடியது. மின்சாரத்தை மறந்தே போயிருந்தோம். தேர்தல் நடக்காததால் சபையை ஒரு விசேட ஆணையாளர் நடத்தினார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தில் இருப்பதை மட்டுமே நம்புவார். வருகிற ஆண்டு சபை எதை எதை முதலில் செய்யப்போகிறது என்று போக்குவரத்து, ஆளணி, வருமானம் ஆகிய மூன்று தலைப்புகளில் எழுதித் தரும்படி செயலாளரிடம் கேட்டிருந்தார்.

செயலாளர் கையால் எழுதியதை ஸ்டென்சிலில் தட்டுவது என் வேலை. சைக்கிள்கள் போகத் தெருக்குழிகளை மூடுவது, சந்தைக் குத்தகையைக் கூட்டுவது, இவற்றில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆளணிப் பகுதியில்தான் விரல் நின்றது. நாட்கூலிக்காரர் ஒன்பது பேரை நிறுத்துவதாக இருந்தது. ஐந்தாவது பெயர் என் அண்ணையுடையது.

அண்ணை சபையின் உழவு மெசின் ஓட்டினார். சந்தைக் குப்பைப் பெட்டியை இழுக்கும் மெசின் அது. கிடைக்கிற டீசலுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். செயலாளருக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு நாளைப் பிடுங்கி, அண்ணையை அங்கே அனுப்பிக் குலை ஏற்றுவித்தார். மூன்று தடவை. ஓட்டப் புத்தகத்தில் 'சந்தைக் குப்பை' என்று எழுதச் சொன்னார்.

"போன இடத்தைத்தான் எழுதுவன் சேர்" என்றிருக்கிறார் அண்ணை. மூன்று தடவையும் நீர்வேலி என்றே எழுதினார். அதற்கான கூலிதான் அந்த ஐந்தாவது இடம்.

நான் எழுந்து போய்க் கேட்டேன்.

"சேர், இந்த அஞ்சாவது பேர்..."

"அது ஆரெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நீர் போய்த் தட்டும்."

தட்டினேன். எங்கள் அப்பாவின் முதலெழுத்தையும் அண்ணையின் பெயரையும் என் கையாலேயே தட்டினேன். அழுகை வரவில்லை. அந்த மனிதரைச் சபை முழுக்கப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை நான் முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் காரமாக நின்றது.

மறுநாள் ஓட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, போக்குவரத்துப் பகுதியைத் திரும்பத் தட்டி, நடுவில் ஒரு பந்தி சேர்த்தேன். 'சபையின் உழவு இயந்திரம் செயலாளரின் நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலை ஏற்றும் பணிக்கு முதலிடம் அளிக்கும். இதுவரை சென்ற நாட்கள் வருமாறு.' கீழே மூன்று திகதிகள். அது இரண்டாம் பக்கம். செயலாளர் முதற்பக்கத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஒப்பமிட்டார். படியெடுக்கும் ரோணியோ இயந்திரத்தின் கைபிடியை நானே சுற்றினேன். கை வலித்தது, நிறுத்தவில்லை.

அந்தத் திட்டத்தை ஆளுக்கொரு படி கொடுத்துப் பேச ஆணையாளர் கூட்டிய கூட்டத்துக்குச் சந்தை வியாபாரிகளும் வந்திருந்தார்கள். கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு எழுந்தார்.

"சேர், உது என்ன கதை? சந்தையிலை மீன்குடல் புழுத்துக் கிடக்குது. எங்கடை மெசின் வாழைக்குலை ஏத்தப் போகுதோ?"

மண்டபம் சிரித்தது. ஆணையாளர் தாளைப் புரட்டினார், முகம் கறுத்தது. ஓட்டப் புத்தகம் கேட்டார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். செயலாளர் என்னைப் பார்த்தார்.

"நீயோ?"

'நீர்' போய் 'நீ' வந்திருந்தது.

"ஓம் சேர், நான்தான். நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

அந்த ஒரு நிமிடத்தின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. விசாரணை நடந்தது, செயலாளர் வேலையை விட்டு வீட்டுக்குப் போனார். ஒழுங்கை மீறியதற்காக என்னையும் எச்சரித்து, பிறப்பு இறப்புப் பதிவு மேசைக்கு மாற்றினார்கள். இதற்குள் செயலாளர் நிறுத்திவிட்டிருந்த ஒன்பது பேரையும் ஆணையாளர் திரும்பக் கூப்பிட்டார். அண்ணை மட்டும் போகவில்லை.

"அந்தப் பட்டியலிலை ஒன்பது பேர் இருந்தவை. நீ ஆருக்காகச் செய்தனி, தங்கச்சி?" என்று கேட்டார்.

மற்ற எட்டுப் பேரை ஒரு தடவையும் நான் நினைத்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் சைக்கிளில் மரக்கறி கட்டிப் புத்தூருக்கும் சந்தைக்கும் ஓடத் தொடங்கினார்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். சபையில் வேலை பார்த்தவள் என்பதால் கிணற்றடியில் தண்ணீர் வரிசையைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு காலையில் வாளியோடு பழைய செயலாளர் வந்தார். தாடி வளர்ந்து, இடுப்புச் சாரம் சேறாகி.

"பிள்ளை, மனுசிக்குக் காய்ச்சல். என்னை ஒருக்கா முன்னுக்கு விடும்."

"வரிசையிலை நில்லுங்கோ சேர்."

அவர் பின்னால் போய் நின்றார். என் வாளியை நிரப்பி, அவருடைய மனைவி படுத்திருந்த வகுப்பறைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு யார் பெற்ற பிள்ளை என்று கேட்டா. சொன்னேன். திரும்பி வரும்போது அவர் வெயிலில் இன்னும் வரிசையின் நடுவில்தான் நின்றார். தண்ணீர் கொடுத்துவிட்டேன் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.