சுறா எண்ணெயும் மேலகரத்து வெயிலும்

மேலகரத்து ஆவுடைத்தாய்க்கு மூன்றாவது பிள்ளை பிறந்தபின், அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் ஒற்றைப் படி மலையாகிவிட்டது. இடுப்பெலும்பை யாரோ உள்ளிருந்து திருகுகிற மாதிரி வலி. நடந்தால் வாத்து நடை. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் கண்ணில் நீர் வந்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை; யாராவது மடியில் கொண்டுவந்து போட்டால் பால் கொடுப்பாள். வயது இருபத்தாறுதான். பிள்ளை பெற்றவள்மேல் காற்றும் வெளிச்சமும் படக்கூடாது என்று மாமியார் கோமதியம்மாள் அவளைச் சன்னல் இல்லாத அறையில் வைத்திருந்தாள். மூன்று பேற்றுக்கும் அதே அறை. இந்த முறை அதிலேயே முடங்கி நான்கு மாதம் ஓடிவிட்டது.

நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம், தென்காசியிலிருந்து நர்ஸ் ரெபேக்காள் வந்து பார்த்தாள்.

"எலும்பு இளகிப்போச்சு. இப்படியே விட்டா படுத்த படுக்கைதான்" என்று ஒரு சீசாவைக் கொடுத்தாள். யுத்தத்தால் சீமை மீனெண்ணெய் வருவதில்லை. இது நம் கடல் சுறாவின் ஈரலில் எடுத்தது. காலையும் மாலையும் ஒரு கரண்டி; தீர்ந்தால் தென்காசியில் வாங்கிக்கொள்ளலாம். கூடவே கேப்பைக் கூழும் மோரும்.

கருவாட்டு வாடைக்கே தெரு மாறி நடக்கும் சைவ வீடு அது.

"மீனைக் குடிக்கவா? இந்த வீட்டுலயா?" கோமதியம்மாள் சீசாவை மாட்டுத்தொழுவில் கொண்டுபோய் வைத்தாள். ஆனால் மருமகள் முடங்கிக் கிடப்பதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "எண்ணெய்தான ஏட்டி, தேய்ச்சா என்ன? குத்தால அருவிக்குப் போறவங்க மேலெல்லாம் தேய்ச்சு ஊறுதாங்கல்லா?"

வீட்டுக்குள் நாறக்கூடாதே! அதனால் தினமும் காலையில் ஆவுடைத்தாயைத் தாங்கிப் பிடித்து, தொழுவுக்குப் பின்னால் வெட்டவெளியில் மணை போட்டு உட்காரவைத்து, கை கால் முதுகெல்லாம் தேய்த்து, ஒரு நாழிகை ஊறவைத்தாள். தெருப் பூனைகளெல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டன.

"உங்க மருமகளுக்கு நல்ல காவல்!" என்று அடுத்த வீட்டு இசக்கி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள்.

மாசியில் வலி தளர்ந்தது. பங்குனியில் சுவரைப் பிடித்துப் படி இறங்கினாள். சித்திரை முடிவதற்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இறங்கினாள்.

வைகாசியில் ரெபேக்காள் வந்து கண்ணகலப் பார்த்தாள். "மருந்து நல்லா கேட்டிருக்கே! எத்தனை சீசா குடிச்சீங்க?"

"குடிக்கல நர்ஸம்மா. பூசுனோம்."

"குடிக்கச் சொன்னதைப் பூசிக்கிட்டா இருந்தீங்க? எங்கன உக்காந்து?"

ஆவுடைத்தாய் கையைக் காட்டினாள். தொழுவுக்குப் பின்னால் வெயில் பளீரென்று கிடந்தது. ரெபேக்காள் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்போ வெயில்தான் காப்பாத்தியிருக்கு. சுறா ஈரல்ல உள்ள சத்தை நம்ம தோலே வெயில்ல உண்டாக்கிக்கிடும். அது இல்லாட்டி கூழுல மோருல உள்ள சுண்ணாம்பு எலும்புல சேராது. வயித்துல இருக்குற பிள்ளை பாத்துக்கிட்டா இருக்கும்? வேணுங்கிறதை அம்மா எலும்புல இருந்து எடுத்துக்கிடும்."

ஆவுடைத்தாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலும்பு என்றால் சாகும்வரை மாறாத கல் என்றல்லவா நினைத்திருந்தாள்! அது கரையுமாம், மறுபடி கட்டுமாம். அவள் பூனை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கோ வானத்தில் எரிகிற ஒன்று அவளுக்குள் கொத்து வேலை பார்த்திருக்கிறது. பிள்ளை அவள் விரலைக் கடித்தது. கீழ்வரிசையில் இரண்டு பல்.

"இது என் எலும்பா நர்ஸம்மா?"

"உங்களுதுதான். ஆனா ஆனி பொறந்தா சாரல். மேகம் மூடிக்கிட்டா வெயிலுக்கு எங்கன போவீங்க? எலும்பு பாதிதான் கட்டியிருக்கு. இனியாவது குடிங்க."

ஆனி மூன்றாம் நாள் குற்றாலத்து மலை காணாமல் போயிற்று. தூறல். மூன்று வாரமாகியும் வெயில் சரியாக எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் வாரம் ஒரு காலையில் இடுப்பில் லேசாக ஒரு திருகல். ஆவுடைத்தாய் பிள்ளையோடு, ஒரு கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு தொழுவுக்குள் போனாள்.

சீசாவைத் திறக்கும்போது பின்னால் கோமதியம்மாள் நின்றாள். கரண்டியைப் பார்த்தாள். மருமகள் தனியாக இறங்கிவந்த படியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கோ ஏட்டி. நான் மலையைப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

மலைதான் தெரியவே இல்லையே. ஆவுடைத்தாய் கண்ணை மூடினாள். தொண்டையில் கடல் இறங்கியது.