தோற்றவருக்குப் போட்ட பத்தாயிரம் வாலா

மைக் பிடித்துத் தொண்டை வறண்ட சகோதரர்களே, நம் தொழிலில் தொண்டைதான் நம்முடையது. பேச்சு எப்போதும் அடுத்தவருடையது. பிளஸ் டூ முடித்த கையோடு சிவகாசியில் தங்கவேல் அண்ணாச்சியின் மைக் செட்டில் சேர்ந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கூவ வேண்டும். அலுத்தால் அதையே பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப் பெண் குரலில் கூவுவேன். ஆனால் எனக்கு உயிர், குத்துச்சண்டைப் போட்டிக்கு மைக் பிடிப்பதுதான். காரணம், பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றும் முருகேசன் அண்ணன். ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பார் என்பதால் ஊர் வைத்த பெயர் 'அணுகுண்டு'.

மூக்கு வீங்கிய தோல்வி

அண்ணன் முதன்முதலில் தோற்றது மதுரையில், ராணுவத்துக்காரர் ஒருவரிடம். மறுநாள் டீக்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தி, மைக்கில் அண்ணன் குரலிலேயே, "ஒண்ணுமில்ல மக்கா, லேசான வீக்கம்" என்றேன். கடையே எழுந்து வெளியே வந்து அவரைத் தேடியது. யார் முகத்திலும் வருத்தமில்லை. டீ மாஸ்டர் மாரியப்பன் சொன்னார்: "மிலிட்டரிக்காரன்ட்ட வாங்குன குத்துக்கு ஒரு மரியாதை இருக்குலே. பேரு கெடாது, மூக்குதான் கெடும்."

காய்ச்சல் கட்சியும் வயசுக் கட்சியும்

அடுத்தது விருதுநகரில், அன்றுதான் முதல் முறையாக மேடையேறிய ஒரு கல்லூரிப் பையனிடம். டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றது ஒரு கட்சி. பொடிப்பயலிடம் தோற்றால் அதோடு பெயர் போச்சு என்றது மறு கட்சி. நான் தட்டிக்குப் பின்னால் நின்று, இரண்டு கட்சித் தலைவர்கள் குரலிலும் மாறி மாறிப் பேசினேன். தாங்கள் சொல்லாத பேச்சுக்கெல்லாம் இருவரும் பதில் சொல்லிக்கொண்டார்கள்! மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் கிளாஸை வைத்தார்: "ஏலே, தோத்தவன் நான். நான் பேசவும் ஒரு வார்த்தை மிச்சம் வைங்கலே."

பத்தாயிரம் வாலா

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். நம் ஆள் போட்டிக்குப் போனால், மைதான வாசலில் பத்தாயிரம் வாலா சரவெடியை முன்கூட்டியே விரித்து வைத்துவிடுவோம். ஜெயித்ததும் திரியைக் கிள்ளிப் பற்ற வைக்க வேண்டியதுதான். சாத்தூரில் அண்ணனுக்கும் அந்த ஊர் ஜெகனுக்கும் சரிக்குச் சரி மோதல். மணி அடித்ததும் நடுவர் இருவரையும் நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தார். வாசலில் தீப்பெட்டியோடு நின்ற நம்மாளுக்குத் தெரிந்தது நடுவர் பிடியில் இருந்த அண்ணன் கை மட்டும். ஜெயித்தாச்சு என்று வைத்தானே நெருப்பை!

பத்தாயிரம் வாலா நிற்குமா? கூட்டம் மேடையேறி அண்ணனைத் தோளில் தூக்கியது, மாலை விழுந்தது, அவரும் கையை உயர்த்திச் சிரித்தார். நான் மைக்கில் முடிவை வாசித்தேன், எனக்கே கேட்கவில்லை. வெடி ஓய்ந்து புகை விலகியதும் மறுபடி வாசித்தேன்: "வெற்றி பெற்றவர், சாத்தூர் ஜெகன்." தூக்கியவர்கள் அண்ணனை மெதுவாக, முட்டைக்கூடையை இறக்குவதுபோல் இறக்கினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தோத்ததுக்கே இம்புட்டு வெடின்னா, ஜெயிச்சா ஊரையே கொளுத்துவீகளோ?"

சால்வை

அதன்பின் அணுகுண்டு என்ற பெயரே காணாமல் போயிற்று. அண்ணன் தெருவில் நடந்தால் பிள்ளைகள் வாயாலேயே 'படபட'வென்று சரவெடி விட்டன. (சத்தம் சரியில்லை என்று ஒன்றிரண்டு பேருக்கு நானே திருத்திக் கொடுத்தேன்.) அவர் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். லோடு ஏற்றும்போதும் தலை குனிந்தே இருந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு குறைந்தது.

அடுத்த விருதுநகர்ப் போட்டிக்கு எங்கள் மைக் செட்டில் அறிவிப்புக் கொடுக்க வந்த கமிட்டித் தலைவர், அங்கே நின்ற அண்ணனை மோதவிடாமல் மேடையில் உட்காரவைக்கப் பார்த்தார். "பழைய வீரரா வந்து சால்வை போத்துங்க, போதும். திரும்பவும் தோத்தீகன்னா உங்க பேருதான் கெட்டுப் போகும்" என்றார். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் நிமிர்ந்தார்: "ஆளுட்டத் தோத்தா திரும்ப மோதலாம் அண்ணாச்சி. சிரிப்புட்டத் தோத்தா எங்கன போயி மோத? அந்த ஜெகனையே போடுங்க."

சொந்தக் குரல்

போட்டியன்று வாசலில் ஊசிவெடிகூடக் கிடையாது. ஒருவரும் வாங்கி வரவில்லை, அவ்வளவு பயம். கடைசிச் சுற்றில் ஜெகன் இருமுறை கயிற்றில் சாய்ந்தான். முடிவு என் கைக்கு வந்தது. "வெற்றி பெற்றவர், முருகேசன்!" என்றேன். இதுவும் என் குரல் விளையாட்டோ என்று மைதானத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. அண்ணனும் கையை உயர்த்தவில்லை. கயிற்றோரம் வந்து என்னையே பார்த்தார்: "ஏலே, யாரு குரல்லயும் சொல்லாத. உன் சொந்தக் குரல்ல சொல்லு."

எனக்கென்று ஒரு குரல் இருப்பதே அன்றுதான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது. "அண்ணே, நீங்க ஜெயிச்சிட்டீக" என்றேன். முதலில் கை தட்டியவன் ஜெகன். வெடியில்லாத குறையை யார் தீர்ப்பது? மைக்கை வாயோடு ஒட்டி, மூச்சுமுட்ட ஒரு பத்தாயிரம் வாலாவை விட்டேன், கூட வந்திருந்த எங்கள் தெருப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்தபடி கத்தினார்: "நிப்பாட்டுலே, காது வலிக்கி! இல்ல, இல்ல, இன்னுங் கொஞ்ச நேரம் போடு."

பெரிய வீரனின் பெயரைக் கெடுப்பது எந்தத் தோல்வி என்று டீக்கடையில் இன்னும் முடிவாகவில்லை என்றாலும், தீக்குச்சியை உரசுமுன் மைக்குக்காரன் சொல்வதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதித் தோல்வி குறையும் என்பது என் சொந்தக் குரல் கருத்து.