ரயில்வே கேட்டுக்காரி நான் இல்லை

இந்த ஊர் பஸ்ஸில் எல்லோரும் புத்தகம் வாசிக்கிறார்கள். ஆனால் என்ன கதை என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. போன வாரம் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் தடிப்புத்தகம். ஒரு பக்கத்தைத் திருப்பினாள், கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் ஒருத்தி அழும்போது நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அவள் முழங்கையைத் தொட்டு, புத்தகத்தைக் காட்டி, யார் செத்தது என்று கையை விரித்துக் கேட்டேன். அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எழுந்துபோய் டிரைவர் பக்கம் நின்றுகொண்டாள். இத்தனைக்கும் நாலைந்து சீட்டு காலியாகக் கிடந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம். அவள் நகர்ந்து போனதுகூடப் போகட்டும். செத்தது யார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்துப் பாருங்கள். பின் சீட்டிலிருந்து ஒரு தலை நீளும். “செத்த மெதுவாத் திருப்பு தாயி, நான் இன்னும் அந்தப் பக்கம் முடிக்கல” என்பார்கள். எழுத்துத் தெரியாத என்னைப் போன்றவர்கள், “சத்தமாத்தான் வாசியேன், வாய்க்கென்ன வலிக்கா” என்போம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், மிச்சக் கதைக்காக அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பியவள் நான்.

நான் இப்போது இருப்பது ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில். மருமகனுக்கு இங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை. மகள் செல்வியின் பேறுகாலத்துக்கு என்று நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். பேத்தி பிறந்து, நடந்து, இப்போது ஓடவும் செய்கிறாள். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். நான் சொல்லச் சொல்லச் செல்விதான் இதை எழுதுகிறாள். நான் சொல்வதைப் பத்திரிகைத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் திட்டு வாங்கப்போவதும் அவள்தான். அதனால் ஒவ்வொரு பத்தியையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறேன்.

செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எண்பதுகளில் எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. மத்தியானச் சோறு முடிந்ததும் நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். அட்டையும் பசையும் கம்பெனியிலிருந்து வரும். எங்களில் கதீஜா மட்டும் எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் புருஷனுக்கு ராஜபாளையத்தில் பழைய பேப்பர் கடை. கடைக்கு எடைக்கு வருகிற வாரப் பத்திரிகைகளைப் பொட்டலக் கடைக்குப் போவதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு வாங்கி வந்துவிடுவாள். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, ஊசி நூலால் தைத்து, தீப்பெட்டிப் பசையிலேயே காலண்டர் அட்டையை ஒட்டிப் புத்தகமாக்குவோம். கதீஜா சத்தமாக வாசிப்பாள், நாங்கள் ஒட்டுவோம். வாசிக்கிறவள் பங்குப் பெட்டியை மற்றவர்கள் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. அவள் நன்றாக அழ வைத்த அன்றைக்கு ஒரு கை கூடவே ஒட்டிக் கொடுப்போம்.

பழைய பேப்பரில் வருவதால் வாரங்கள் வரிசையாக இருக்காது. ஒரு வாரம் விட்டுப்போனால் எங்களோடு பெட்டி ஒட்டுகிற பேச்சியம்மாளுக்கு வ. புதுப்பட்டியில் இருக்கும் தங்கை வீடு வரைக்கும் சொல்லிவிட்டுத் தேடுவோம். கதைக்கு எழுதினவர் வைத்த பெயர் எங்களுக்கு நிற்காது. வெள்ளைச் சேலை கதை, டாக்டர் தம்பி கதை, ரயில்வே கேட் கதை என்று நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். எழுதினவர் பெயரையும் கதீஜா வாசிக்க மாட்டாள். “அவுக பேரு நமக்கெதுக்கு? பொண்ணா கேட்டு வரப்போறாக?” என்பாள்.

எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, ஒரு தடவை கேட்ட கதை தலையை விட்டுப் போகாது. எந்தக் கதையில் யார் வீட்டில் யார் அழுதது என்றுகூடச் சொல்வேன். அதனால் அடுத்து எதை வாசிக்க என்று என்னிடம்தான் கேட்பார்கள். தளவாய்புரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் ஊருக்கு வந்தால், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அடுத்த கதை எது என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல. ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பேச்சியம்மாளுக்கு மாமியாரோடு ஓயாத சண்டை. நான் இல்லாத நேரத்தில் கதீஜா அவளுக்கு, மாமியார் திருந்துகிற கதை ஒன்றைக் கொடுத்துவிட்டாள். மகனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள் பேச்சி.

“ஏட்டி கதீஜா, இதெல்லாம் நடக்குற காரியமா? மாமியாக்காரிக எல்லாம் கூடிக் காசு குடுத்து எழுதச் சொல்லியிருக்காளுக.”

“சீனியக்கா, இவளுக்கு நீயே ஒண்ணு சொல்லு. என்னால ஆவாது” என்று கதீஜா என் பக்கம் திரும்பினாள்.

“மாமியா கெணத்துல விழுறது ஒண்ணு இருக்கு. அதக் குடு.”

பேச்சி சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். இரண்டு நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். “விழுந்தவளத் தூக்கிட்டானுகளே யக்கா” என்றாள்.

இந்தச் சீனியம்மாளைத்தான் செல்வி இங்கே லைப்ரரிக்குக் கூட்டிப்போனாள். மாதம் ஒருநாள் அங்கே கூட்டம். தனக்குப் பிடித்த நாவலைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அடுத்து வாசிக்க ஒன்றை எடுத்துக்கொடுக்க வேண்டும். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். நம்ம தொழில் ஆச்சே. கூட்டத்தை நடத்துகிறவள் பெயர் மொய்ரா. என் வயதுதான் இருக்கும். தேநீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அவர்கள் கதை சொல்ல ஆரம்பிக்கிற வரைக்கும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, “முடிவைச் சொல்ல மாட்டேன்” என்று நிறுத்திவிடுகிறார்கள். சொல்லக் கூடாதாம், அதுதான் மரியாதையாம். எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. முடிவு தெரியாமல் ஒருத்திக்கு எப்படிக் கதையைக் கொடுப்பது? அவள் வீட்டில் போன மாதம்தான் சாவு விழுந்திருந்தால்? அவள் வயிற்றில் பிள்ளை இருந்தால்?

என் முறை வந்தது. ரயில்வே கேட் கதையைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்லச் செல்வி இங்கிலீஷில் சொன்னாள். ஒருத்தியின் புருஷன் ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்குப் போய்விடுகிறான். அந்த வேலையை இவள் கெஞ்சி வாங்கிச் செய்கிறாள். சில வருஷம் கழித்து ஒரு பெண் கைப்பிள்ளையோடு வருகிறாள். அவன் பம்பாயில் கட்டிக்கொண்டவள், உடம்பு சுகமில்லாதவள். அவள் செத்துப்போகிறாள். பிள்ளையை இவள் வளர்க்கிறாள். பிள்ளை பெரியவனானதும் புருஷன் திரும்பி வருகிறான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். ரயில் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் இவள் கேட்டை இறக்கிவிடுகிறாள். அவ்வளவுதான், கதையை அங்கேயே முடித்துவிட்டார்கள்.

நான் சொல்லி முடித்தபோது யாரும் தேநீரைத் தொடவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கதை ஏறிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். மொய்ரா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். செல்வியின் முகம் மாறிவிட்டது.

“என்னட்டி கேக்கா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“சொல்லு.”

“கேட்டத் தொறந்தீங்களான்னு கேக்காங்க. உன் கதைன்னு நெனச்சிட்டாங்கம்மா. விடு, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

எனக்கு அந்த ஒரு சொல் தெரியும் அல்லவா. “நாவல், நாவல்” என்றேன். மொய்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆமாம், உங்கள் வாழ்க்கை ஒரு நாவல் மாதிரிதான் என்று சொன்னாளாம். என்னைக் கட்டிப்பிடித்து, மிச்சமிருந்த பிஸ்கட்டை டப்பாவோடு கையில் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் என் வீட்டுக்காரர் அந்தப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே முழுதும் கேட்டார். ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர், சாத்தூரைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

“பம்பாய்க்கு ஓடிப்போனவன் நானா? ரெண்டாந்தாரம் வேற கட்டியிருக்கனா? பிள்ள எந்த ஊரு, அதையாவது சொன்னியா?”

“சிரிக்காதிய. எனக்கு வயிறு எரியுது.”

மொய்ரா அன்றைக்குச் சொன்ன கதையில் ஒரு சீமாட்டி புருஷனுக்கு விஷம் வைக்கிறாள். மொய்ராவின் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்டேனா? இன்னொருவர் சொன்ன கதையில் ஒருவன் பாங்கைக் கொள்ளையடிக்கிறான். அவர் பையை யாராவது திறந்து பார்த்தார்களா? அவர்கள் சொன்னால் அது கதை. சேலை கட்டிக்கொண்டு வந்து நான் சொன்னால் அது நான் பட்ட பாடு. எனக்கு அழத்தான் தெரியும், ஒரு கதையைப் பிடித்துப்போய் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அவர்களாவது போகட்டும், எங்கிருந்தோ வந்தவளைத் தெரியாதவர்கள். எல்லாம் தெரிந்தவள் செல்வி. அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, வாயில என்ன வச்சிருந்த? இது வாசிச்ச கதைன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு நாவல் பிடிக்கும்னு இங்க எப்படிம்மா சொல்லுறது? எப்படின்னு கேப்பாங்க. அதுவும் எடைக்குப் போட்ட பேப்பர்ல கிழிச்சது. அதவிட உன் கதைன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“ஒனக்குக் கூச்சமா இருந்துச்சு.”

“ஆமா.”

“நான் புருஷன் விட்டுட்டுப் போனவன்னு நெனச்சா ஒனக்குக் கூச்சமில்ல. எழுத்துத் தெரியாதவன்னு நெனச்சாத்தான் கூச்சம்.”

இந்த இடத்தை எழுதும்போது செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடுத்து எழுது என்றேன். எழுதுகிறாள். நான் கதீஜாவின் குரலைக் கேட்டுக்கொண்டு பெட்டி ஒட்டிய அந்த அறையில்தான் இவள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கதை விறுவிறுப்பான இடம் வந்தால் இவள் பென்சிலும் நின்றுவிடும். அதையும் எழுது என்றேன்.

அடுத்த மாதம் நானே கிளம்பி நின்றேன். “நீ சொல்லலன்னா, அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீஷ வச்சு நான் சொல்லிக்கிடுதேன்” என்று பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். செல்வி வந்தாள். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அது நாவல் என்றாள், என் அப்பா வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் உங்கள் எல்லோரையும்விட அதிகமான கதைகளைக் கேட்டு வைத்திருக்கிறாள் என்றாள். கடைசியில் சொன்னதை நான் சொல்லச் சொல்லவில்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மொய்ராவின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். நான் சரி என்று தலையை ஆட்டவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஆட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு கிழவர் எழுதியது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதை வாங்கி வாசிக்க முடியுமா என்றார். இங்கிலீஷில் கிடையாது, நாங்கள் தைத்து வைத்ததும் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, எந்தப் பொட்டலமாகப் போனதோ என்று சொல்லச் சொன்னேன். அப்புறம் மொய்ரா தயங்கித் தயங்கிச் செல்வியிடம் ஏதோ கேட்டாள்.

“அவ கேட்டத் தொறந்தாளா இல்லையான்னு கேக்காங்கம்மா.”

“அப்படிக் கேக்கச் சொல்லு. இதுக்காக எங்க வீட்டுல ஒரு வாரம் பேச்சுவார்த்த இல்லாமக் கெடந்தோம். பேச்சி தொறந்திருப்பான்னா, கதீஜா தொறந்திருக்க மாட்டான்னா.”

அங்கேயும் சண்டை பிடித்துக்கொண்டது. கிழவர் திறந்திருக்க வேண்டும் என்றார், மொய்ரா மேசையைத் தட்டித் திறக்கவே கூடாது என்றாள். நான் யார் பக்கம் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. நீங்கள் மட்டும் முடிவைச் சொல்லாமல் நிறுத்துவீர்களா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டேன். இந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது சத்தமாக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வர மாட்டேன்.

இப்போது மொய்ராதான் வாசிக்கிறாள். செல்வி என் காதோரம் உட்கார்ந்து தமிழில் சொல்கிறாள். சிரிப்பு வருகிற இடத்தில் எல்லோரும் சிரித்து முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தமிழாகி என் காதுக்கு வந்து நான் சிரிக்கும்போது அறை அமைதியாக இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் என் சிரிப்பைப் பார்த்து இன்னொரு தடவை சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதுவும் கோபம்தான். போன ஞாயிற்றுக்கிழமை கதீஜாவுக்குப் போன் போட்டேன். அவள் புருஷன் கடையில் இப்போது போன் இருக்கிறது. புதிதாக ஒரு தொடர்கதை, அவசியம் கேட்க வேண்டியது என்று ஆரம்பித்தாள். இங்கிருந்து ஒரு சொல் கடலைத் தாண்டிப் போக நேரமாகிறது, அங்கிருந்து வரவும் நேரமாகிறது. கதையில் வருகிற கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போன கூத்தைச் சொன்னாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து கதீஜாவின் குரல் வந்தது.

“என்ன யக்கா, பொண்ணு செத்துப்போனான்னு சொல்லுதேன், நீ சிரிக்க.”