எங்கள் வீட்டில் இருந்த இரண்டாவது பிரதி

அந்த ஹார்ட் டிஸ்க் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் உறை போட்டது. மட்டாஞ்சேரி கடைத்தெரு முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று சொல்லித்தான் சார் அதை என் கையில் கொடுத்தார்.

சார் சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரர். கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்துப் புத்தகம் போடப்போகிறவர். தமிழ் பேசும் ஆட்டோக்காரர் யாராவது உண்டா என்று லாட்ஜில் கேட்டிருக்கிறார். அவர்கள் என்னைக் காட்டிவிட்டார்கள். அவர் இங்கே தங்கிய நாட்கள் முழுவதும் என் வண்டிதான். நான் அதிகம் பேசமாட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் எடுக்கும் படங்கள் நம் போனில் எடுப்பது போன்றவை அல்ல. ஒரு படமே ஏகப்பட்ட இடம் பிடிக்கும். மத்தியானத்துக்குள் கேமராவின் கார்டு நிறைந்துவிடும். லாட்ஜ் நெட்டில் ஏற்றிப் பார்த்தார். பாதியில் அறுந்து அறுந்து போனது. அதனால் இரண்டு டிஸ்க். ஒன்று கறுப்பு, ஒன்று ஆரஞ்சு. சாப்பிட்டு முடித்ததும் பின் சீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் கறுப்பில் ஏற்றுவார், பிறகு ஆரஞ்சில். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நீளும். அது முடிவதற்குள் கேபிள் ஆடினால் மறுபடி முதலிலிருந்து. "அண்ணா, மெதுவா," என்பார். ரோட்டில் வேகத்தடை வரும் இடமெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டாம் நாளிலிருந்து அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

இரண்டிலும் ஏறிய பிறகுதான் கார்டை அழிப்பார். அழித்த கார்டை மறுபடி கேமராவில் போட்டுக்கொள்வார்.

"ரெண்டு டிஸ்க்கும் ஒரே பையில இருந்தா, பை போனா ரெண்டும் போச்சுண்ணா. ஒண்ணு உங்க வீட்ல இருக்கட்டும். தினம் மத்தியானம் எடுத்துட்டு வாங்க, ஏத்திட்டுத் திருப்பித் தர்றேன்," என்றார்.

அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"பொண்ணு காலேஜ் போகுது சார். சம்சாரம் வீட்லதான்."

சம்சாரம் வீட்டில் இல்லை. வீடு வீடாகப் போய்க் குப்பை எடுக்கும் வேலைக்குப் போகிறாள். காலையில் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு கிளம்பிவிடுவாள். அதைச் சொல்ல என் வாய் வரவில்லை. என் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவராக இருந்தார். அந்த வேலைக்காகத்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே வந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னால் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. எப்படியோ ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு காக்கிச் சட்டை போட்டபோது, தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவள் அந்த வேலையில் சேரப்போவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன். "மாசம் பொறந்தா கையில காசு வருது. உங்க ஆட்டோல அப்படியா வருது?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை பஜார் ரோட்டில் இஞ்சி மூட்டை இறக்கும் குடோன் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று சார் என் தோளைத் தட்டினார். குடோன் சுவரோரம் என் மனைவி தள்ளுவண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டு, தலையில் தொப்பி. பழுப்புச் சுவர், அதில் காலை வெயில். படம் எடுக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

சார் கேமராவோடு இறங்கி என் பக்கம் குனிந்தார். "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கலாமான்னு இவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்களேன். இவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன் சார்," என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அது குறுகலான ரோடு. சொல்லிவிட்டு, பிரேக்குக்குக் கீழே ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டேன். சாரே அவளிடம் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெயிலுக்குத் தோதாக அவர் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்று எடுத்தார். கேமராவின் கிளிக் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் நிமிர்ந்தேன். அவள் முதுகு தெரிந்தது. மறுபடி குனிந்தேன்.

திரும்பி வந்து ஏறியதும், "என்ன முகம்ணா அது! இந்தப் புத்தகத்துலயே நல்ல படம் இதுதான்," என்றார்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

சாயங்காலம் டிஸ்க்கோடு வீட்டுக்குப் போனேன். அவள் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"காலையில ஒரு சார் என்னை ஃபோட்டோ எடுத்தாரு."

"ம்."

"அவரு வந்த ஆட்டோல ஒரு டிரைவர் இருந்தாரு. எங்கயோ கண்ட மாதிரி இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா அவரை?"

என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"அந்தப் படம் இந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு?" என்று டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துவைத்த துண்டு ஒன்றில் சுற்றி அரிசி டின்னுக்கு மேல் வைத்தாள். "தூசி படக் கூடாதில்ல. உள்ள நான் இருக்கேனே."

அடுத்தடுத்த நாட்களில் சாரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். ஒரு நாள் சாயாக்கடையில் அவர் அந்தப் படத்தைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். "இன்னொரு சாயா சொல்லட்டுமா சார்?" என்று கேட்டு எழுந்துவிட்டேன்.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் லாட்ஜுக்குப் போனேன். சார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கறுப்பு டிஸ்க். மடிக்கணினியில் மாட்டியிருந்தபோதே கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாம். அதை என் காதில் வைத்தார். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம்.

"செத்துப் போச்சுண்ணா. கார்டெல்லாம் அழிச்சுட்டேன். இப்ப மிச்சம் இருக்கறது உங்க வீட்ல இருக்கறது மட்டும்தான்." அவர் எழுந்துவிட்டார். "வண்டிய எடுங்க, உங்க வீட்டுக்கே போயிடலாம்."

எங்கள் வீட்டு வாசலில் கயிற்றில் அவளுடைய மாற்றுக் கோட்டு காயும். பக்கத்து வீடுகளிலும் அதே பச்சைதான் காயும்.

"சந்துக்குள்ள வண்டி போகாது சார். பஜார் ரோடு சாயாக்கடைக்குக் கொண்டு வரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி, நீ எடுத்துக்கொண்டு வா என்றேன். பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. "காலேஜுக்கு நேரமாச்சு அவளுக்கு. நான் அந்தப் பக்கம்தான் போறேன், கொண்டு வர்றேன்னு சொல்லு." நான் ஏதோ சொல்ல வருவதற்குள் போன் வைக்கப்பட்டது.

"யார் கொண்டு வர்றாங்கண்ணா?"

"வீட்ல இருந்து ஒரு ஆள் வருது சார்."

சாயாக்கடை முன்னால் காத்திருந்தோம். சார் சாயாவைத் தொடவில்லை. பெஞ்சில் இரண்டு சுமட்டுக்காரர்கள், மூட்டை தூக்கும் நேரம் வரும் வரை பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கோட்டு போடாமல் வர வேண்டும், தள்ளுவண்டி இல்லாமல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சாமியிடம் கேட்கிற காரியமா அது?

தள்ளுவண்டியோடுதான் வந்தாள். கோட்டு, தொப்பி எல்லாம் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றி, கோட்டின் உள்ளிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்தாள். சாருக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட! அம்மா, நீங்களா! உங்களத்தானே அன்னைக்குப் படம் எடுத்தேன்!"

"ஆமா சார். இந்த ஆட்டோ சேட்டன் வீட்ல குடுத்து விட்டாங்க. வர்ற வழிதானேன்னு கொண்டு வந்தேன்."

என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான்தானே முதலில் காட்டிக்கொடுத்தேன்? என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, இல்லை அதை அங்கேயே வாங்கத்தான் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

சார் டிஸ்க்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மற்றொரு கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "அம்மா, நீங்க எனக்கு என்ன உதவி பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இத வெச்சுக்குங்க."

அவள் கை நீட்டவில்லை. மறுக்கவும் இல்லை. நின்றாள்.

"வேண்டாம் சார்," என்றேன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு. "அவ என் வீட்டுக்காரி."

அந்த நேரம் பார்த்து ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னண்ணா?"

ஒருமுறை சொல்வதற்கே அத்தனை நாள் ஆனது. இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "என் சம்சாரம் சார்! என் சம்சாரம்!"

சாயாக்கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுமட்டுக்காரர்களில் ஒருவர் பீடியை எடுத்துவிட்டு, "எந்தா சேட்டா, இப்போழாணோ அறிஞ்ஞது?" என்றார். உனக்கே இப்போதுதான் தெரிந்ததா என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்களை எத்தனையோ வருடமாகத் தெரியும். தெரியாதவர் சார் ஒருவர்தான்.

சார் நோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குள்ளேயே கசக்கிக்கொண்டார். பிறகு, டிஸ்க் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று மடிக்கணினியைத் திறந்து பின் சீட்டில் வைத்தார். படங்கள் வந்தன. அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"அம்மா, உங்க படத்தப் பாக்கறீங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். நானும் தள்ளி நின்று பார்த்தேன். அவள் முகம் திரை நிறைய இருந்தது. சிரிக்க ஆரம்பித்து அப்படியே நின்றுபோன முகம். அதைத்தான் சார் நல்ல முகம் என்றிருக்கிறார்.

"பின்னாடி மஞ்சளா என்ன சார் அது?"

"ஆட்டோம்மா." சார் அந்த மூலையைப் பெரிதாக்கினார். போனில் என்றால் கலங்கிப் போயிருக்கும். இவர் படம் அப்படிக் கலங்காது, அதற்காகத்தானே அத்தனை இடம் பிடிக்கிறது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் காக்கி முதுகும் ஹேண்டில்பாரைப் பிடித்த கையும் தெரிந்தன. சார் அடுத்த படத்துக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும் போனார்.

"இதுல குனிஞ்சிருக்காரு," என்றாள் அவள். "இதுல நிமிர்ந்துட்டாரு. இதுல மறுபடி குனிஞ்சுட்டாரு."

சார் பெரிதாக்கியதைச் சட்டென்று சின்னதாக்கினார். என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, உங்களுக்கு வேண்டாம்னா இந்தப் படங்கள அழிச்சிடறேன். வேற எங்கயும் இல்ல, இதுல மட்டும்தான் இருக்கு."

அழிக்கச் சொல், அழிக்கச் சொல் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எதுக்கு சார் அழிக்கணும்? நல்லாத்தானே வந்திருக்கு. இருக்கட்டும்," என்றாள். "எனக்கு நேரமாச்சு. அடுத்த வீட்டம்மா சத்தம் போடும்." வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

தோப்பும்படியில் ஒரு கடையில் சார் புது டிஸ்க் வாங்கினார். அங்கிருந்து எர்ணாகுளம் ரயில் நிலையம் போவதற்குள் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும் என்றார். நீலக் கோடு நீள ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினால் போதும், கேபிள் கழன்றுவிடும். நேரம் போதாமல் போயிருக்கும். ஆனால் எல்லா நாளையும்விட அன்றுதான் மெதுவாக ஓட்டினேன். அவள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளே.

பாலத்தில் ஏறும்போது சார் கேட்டார். "ஏண்ணா அன்னைக்கே சொல்லல?"

"மேல ரோடு மோசம் சார். கேபிளப் பிடிச்சுக்குங்க," என்றேன்.

அவர் கேபிளைப் பிடித்துக்கொண்டார். ரயில் நிலையத்தில் இறங்கும்போது கோடு முடிந்திருந்தது. புது டிஸ்க்கைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு டிஸ்க்கை மறுபடி என்னிடம் நீட்டினார். "நான் ஊர் போய்ச் சேர்ந்து இன்னொரு பிரதி எடுக்கற வரைக்கும் இது உங்க வீட்லயே இருக்கட்டும். அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதே துண்டைத் தேடி எடுத்து, சுற்றி, அரிசி டின்னுக்கு மேல் வைத்தாள்.

"பத்திரமா இருக்கட்டும். இப்ப ரெண்டு பேரும்ல உள்ள இருக்கோம்," என்றாள். "ஒருத்தர் குனிஞ்சுக்கிட்டு."

நான் வாசலில் கழற்றிய செருப்பைச் சரியாக வைப்பதுபோலக் குனிந்தேன்.