தையல்காரர் வெட்டிய பலகைக்கால்கள்

தையல்காரரோடு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், அளவைப் பற்றி மட்டும் வாய் கொடுக்க முடியாது. ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்கிற மனுஷர். நாடா வேறு கணக்குச் சொன்னால் நாடாவைத் தூக்கிப்போடு என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தலை நரைத்த பிறகு பொம்மை ரயில் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தது மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன், அதிர்ந்து பேசாத பிள்ளை. ஊரில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. ஆளுக்கொரு துண்டு வீட்டில் செய்வார்கள். மரச்சட்டம் அடித்து, மேலே ப்ளைவுட் போட்டு, நாலு கால் வைத்து, அதன்மேல் தண்டவாளம். கண்காட்சி அன்று எல்லாவற்றையும் மண்டபத்துக்குத் தூக்கி வந்து போல்ட் போட்டு முடுக்கினால் ஒரே பாதையாகிவிடும். ஒருத்தர் வீட்டு ரயில் அத்தனை பேர் பலகையிலும் ஓடும்.

வரிசையின் கடைசியில் தையல்காரர் பலகை, அதை ஒட்டி மச்சினன் பலகை என்று ஏற்பாடு. “என் ரயில் மாமா ஸ்டேஷன்ல வந்து நிக்கணும், அது போதும் எனக்கு” என்று மச்சினன் சொல்லிக்கொண்டே இருப்பான். அதற்காகவே தையல்காரர் பட்டன் அட்டையில் குட்டி ஸ்டேஷன் ஒன்று கட்டினார்.

கடை, வீட்டின் முன்னறைதான். மெஷினை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே பலகை அடித்தார்.

“மாமா, காலுக்கு அடியில ஒரு திருகு வெச்சிடுங்க. மண்டபத்துல தரை எப்படியிருக்கோ, ஏத்தி இறக்கிக்கலாம்.”

“அதெல்லாம் அளவு தெரியாதவனுக்கு, மாப்ள.”

“ரசமட்டமாவது வெச்சுப் பாருங்க.”

“என் கண்ணுக்கு மேல ஒரு ரசமட்டமா?”

பலகையை நிறுத்தி ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தார். அது தானாக வாசல் பக்கம் உருண்டது. கால்தான் ஏறியிருக்கிறது என்று சுவர்ப்பக்கக் கால்கள் இரண்டையும் கொஞ்சம் அறுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி அறுத்தார். கடைசியில் பெட்டி அசையாமல் நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் இரண்டு பலகையையும் ஒட்டினால், தையல்காரர் பலகை ஒட்டுகிற முனையில் ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. மச்சினன் தரையில் படுத்துத் தன் திருகுகளை இறக்கிப் பார்த்தான். இன்னும் இறக்கினால் அந்தப் பக்கத்துப் பலகையோடு சேராது.

“மாமா, உங்க காலுக்கு அடியில சின்னக் கட்டை ஒண்ணு வெச்சா சரியாப் போயிடும்.” அவன் சொன்னது அவ்வளவுதான்.

பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். “டெய்லரண்ணே, பேண்ட்டு குட்டையாப் போச்சா?”

மண்டபமே சிரித்தது. தையல்காரருக்குச் சுருக்கென்றது. “என் பலகை சரியாத்தான் இருக்கு. ஒயரை முறுக்குறவன் மரத்துல கை வெச்சா இப்படித்தான். இவங்க குடும்பத்துலயே எவனுக்கும் ஒரு காரியம் நேரா செய்ய வராது!”

மச்சினன் போல்ட்டைக் கழற்றினான், பலகையைத் தோளில் ஏற்றினான், போய்விட்டான். அன்றைக்கு வந்த ரயிலெல்லாம் அந்த இடைவெளிக்கு அப்பாலேயே நின்று திரும்பிப் போயின. ஸ்டேஷன் காலியாகவே கிடந்தது. அப்போதும் மனுஷர் இறங்கி வரவில்லை. மச்சினன் அக்கா வீட்டுப் பக்கம் வருவது நின்றது.

ஒரு நாள் மனைவி முன்னறையைக் கழுவினாள். தையல்காரர் மெஷின் சட்டத்தின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். ஊற்றிய தண்ணீரெல்லாம் வாசலைப் பார்த்து ஓடியது.

“இந்தத் தரை சாய்வா?”

“தண்ணி வெளிய போகணும்னு சாய்ச்சுத்தானே போட்டிருக்கு? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி இப்பத்தான் தெரியுதாக்கும்.”

“அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“நீங்க எங்க கேட்டீங்க? பெட்டி நிக்குது பாருன்னீங்க, பார்த்தேன்.”

ஊசியில் மாட்டிய துணியை அப்படியே விட்டுவிட்டு மச்சினன் வீட்டுக்குப் போனார். “வாங்க மாமா” என்று நாற்காலி போட்டான். தன் ரயில் பலகையைக் காலொடித்து, அறுத்து, செருப்பு வைக்கிற அலமாரியாக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தான்.

“தப்பு என்மேலதான் மாப்ள. என் வீட்டுத் தரைக்குத் தோதா காலை அறுத்துட்டேன்.”

“தெரியும் மாமா. அன்னைக்குக் கீழ படுத்துப் பார்த்தப்பவே தெரிஞ்சுது.”

“அப்ப அங்கயே சொல்றதுதானே?”

“அத்தனை பேர் முன்னால உங்களை எப்படி மாமா சொல்றது?”

அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தையல்காரர் விடவில்லை. “ப்ளைவுட் நான் வாங்கறேன். ரெண்டு பேருமா உட்கார்ந்து புதுசா ஒண்ணு அடிப்போம்.”

“பார்க்கலாம் மாமா.”

‘முடியாது’ என்றால் மல்லுக்கட்டலாம். ‘பார்க்கலாம்’ என்பவனை என்ன செய்வது?

இப்போது மச்சினன் மறுபடி வந்து போகிறான். மின்விசிறி நின்றுவிட்டால் அவன்தான் கழற்றிப் பார்த்து மாட்டிக் கொடுக்கிறான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. ரயில் பேச்சை எடுக்கலாமென்று தையல்காரர் வாயைத் திறப்பார். “ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க மாமா” என்பான். பிடித்துக்கொள்வார்.