கறுப்பு மெடல்

கலேவெல பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நகைக்கடை. உக்குவளையிலிருந்து பஸ் மாறி வந்து, வாசல் நாற்காலியில் ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த வெள்ளி மெடல்களை நான் சேர்க்கிறேன். வீட்டில் ஏழு இருக்கிறது. எங்கள் தாத்தாவின் மெடலை உருக்கி, சின்ன வயதில் எனக்கே கொலுசாகப் போட்டுவிட்டார்கள். அடுத்தவருடையதையாவது உருகாமல் காப்பாற்றுகிறேன்.

எட்டாவது வந்திருக்கிறது என்று கடைக்கார முஸ்லிம் நானா போன் பண்ணியிருந்தார். போன தடவை, வெள்ளியை மினுக்கிக் கொடுப்பதுதான் மரியாதை என்று அவர் மெடலைப் பொலிஷ் மெஷினில் பிடித்ததில், விளிம்பில் பொறித்திருந்த சிப்பாயின் பெயரே அழிந்துபோனது.

"நானா, இதையும் மினுக்கிட்டீங்களா?"

"நீங்க ஏசினது இன்னும் காதுல நிக்குது அம்மா. தண்ணிகூட படல்ல. ஆனா கறுப்பாவே குடுக்க வெக்கமா இருக்கு. என்ட கடையில வாங்கினன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க."

காகிதத்தைப் பிரிக்கிறார். அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது. விளிம்பை நகத்தால் தடவுகிறேன். இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து நகத்தில் தட்டுப்படுகிறது.

"வாசிங்க நானா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறார். "மு... னி... சாமி. முனிசாமி, அம்மா."

யாரோ ஒரு முனிசாமி. பெயரோடு கிடைத்துவிட்டார். லேசில் யாரையும் கும்பிடாத நான், மெடலை உள்ளங்கைக்குள் வைத்தபடியே கடைக்காரரைக் கும்பிடுகிறேன்.

"சொல்லுவேன் நானா. உங்க கடையிலதான் வாங்கினேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."